ஊர் மாறினால் ஆட்டம் மாறுமா? ஐஸ் ஹாக்கி இளைஞர்களின் தலையெழுத்தை எழுதும் அந்த 15 நிமிடங்கள்!

2018 ஜூலை 1. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ப்ளூஸ், பஃபலோ சேபர்ஸ் என்ற இரண்டு ஐஸ் ஹாக்கி அணிகளுக்கு இடையே ஒரு பெரிய 'டிரேட்' நடந்தது. பஃபலோ தன் நட்சத்திர வீரர் ரையன் ஓ'ரைலியைக் கொடுத்தது. பதிலுக்கு அனுபவ வீரர்கள் இருவரும், எதிர்கால டிராஃப்ட் வாய்ப்புகள் இரண்டும், டேஜ் தாம்ப்சன் என்ற 20 வயதுப் பையனும் வந்தார்கள்.

அடுத்த ஆண்டே ஓ'ரைலி செயின்ட் லூயிஸ் அணிக்கு ஸ்டான்லி கோப்பையை வாங்கிக் கொடுத்தார். பிளே-ஆஃப் சுற்றின் சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான். அதே சீசனில் தாம்ப்சன் 65 போட்டிகளில் அடித்தது வெறும் 7 கோல். பஃபலோ ரசிகர்கள் நொந்துபோனார்கள். தங்கத்தைக் கொடுத்துத் தகரத்தை வாங்கிவிட்டோமே என்ற ஆதங்கம் ஊர் முழுக்க இருந்தது.

ஆனால், 2022-23 சீசனில் அதே தாம்ப்சன் 47 கோல் அடித்தார். ஒரே போட்டியில் 5 கோல் அடித்த நாளும் அதில் உண்டு.

நடுவில் என்ன நடந்தது? அதைப் புரிந்துகொள்ள, ஐஸ் ஹாக்கியில் எல்லோரும் சண்டை போடும் ஒரு பொருளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் பெயர் 'ஐஸ் டைம்'.

45 விநாடி விளையாட்டு!

ஹாக்கி என்றதும் நம்மூரில் தன்ராஜ் பிள்ளைதான் நினைவுக்கு வருவார். இது வேறு ஹாக்கி. பனித்தளத்தில், காலில் ஸ்கேட் கட்டிக்கொண்டு, பந்துக்குப் பதில் 'பக்' எனப்படும் கறுப்பு ரப்பர் வட்டை அடிக்கும் ஆட்டம். இதன் உச்சம் என்.ஹெச்.எல். எனப்படும் வட அமெரிக்க லீக். அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 32 அணிகள். லீக் சுற்றில் மட்டும் ஓர் அணிக்கு 82 போட்டிகள் என்பதுதான் பல ஆண்டுகளாக இருந்துவந்த கணக்கு.

ஒரு போட்டி 60 நிமிடம். 20 நிமிடங்களாக மூன்று பகுதிகள். களத்தில் ஒரு நேரத்தில் ஒரு கோல்கீப்பர், இரண்டு டிஃபென்ஸ் வீரர்கள், மூன்று ஃபார்வர்டுகள். ஆனால், பெஞ்சில் ஒரு பட்டாளமே காத்திருக்கும். கோல்கீப்பர்கள் நீங்கலாக 18 பேர். வழக்கமாக, மூன்று மூன்று பேராக நான்கு ஃபார்வர்டு 'லைன்'கள். இரண்டு இரண்டு பேராக மூன்று டிஃபென்ஸ் ஜோடிகள்.

முழு வேகத்தில் ஸ்கேட்டிங் செய்தால் மூச்சு முட்டிவிடும். அதனால் ஒரு வீரர் சுமார் 45 விநாடிகள் விளையாடிவிட்டு பெஞ்சுக்கு ஓடி வருவார். அடுத்தவர் சுவரைத் தாண்டி உள்ளே குதிப்பார். ஆட்டத்தை நிறுத்தாமலேயே இந்த மாற்றம் நடக்கும். இப்படி ஒரு முறை உள்ளே போய் வருவதற்கு 'ஷிஃப்ட்' என்று பெயர். ஒரு போட்டியில் ஒருவருடைய ஷிஃப்ட்களை எல்லாம் கூட்டினால் வருவதுதான் ஐஸ் டைம். அடுத்து எந்த லைன் போகலாம் என்று முடிவு செய்பவர், பெஞ்சுக்குப் பின்னால் கோட் போட்டு நிற்கும் தலைமைப் பயிற்சியாளர்.

180 நிமிடக் கணக்கு

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். களத்தில் எப்போதும் மூன்று ஃபார்வர்டுகள். போட்டி 60 நிமிடம். ஆக, ஓர் அணியிடம் இருப்பது மொத்தம் 180 ஃபார்வர்டு நிமிடங்கள். அதை 12 பேருக்குச் சமமாகப் பிரித்தால் தலைக்கு 15 நிமிடம்.

ஆனால், எந்தப் பயிற்சியாளரும் சமமாகப் பிரிப்பதில்லை. முதல் லைன் நட்சத்திரங்களுக்கு 20 நிமிடம் வரை கிடைக்கும். நான்காவது லைனில் இருப்பவருக்கு 8 முதல் 10 நிமிடம்தான். அதாவது நட்சத்திரத்துக்கு சுமார் 27 ஷிஃப்ட். கடைசி லைன் பையனுக்கு சுமார் 11 ஷிஃப்ட். ஓர் இளைஞருக்குக் கூடுதலாக மூன்று நிமிடம் வேண்டுமென்றால், இன்னொருவரின் தட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் அதிகச் சம்பளம் வாங்கும் சீனியர்.

நிமிடங்களின் எண்ணிக்கை மட்டுமல்ல, அதன் தரமும் முக்கியம். எதிரணியில் ஒருவர் தவறு செய்து 2 நிமிடம் வெளியே உட்கார வைக்கப்பட்டால், இந்த அணிக்கு ஒரு ஆள் கூடுதல். இதற்கு 'பவர் பிளே' என்று பெயர். கோல் அடிக்க மிகச் சுலபமான நேரம் இதுதான். அந்த நேரத்தில் களத்தில் இருப்பது அணியின் தேர்ந்தெடுத்த ஐந்து பேர். நான்காவது லைன் பையன் அதை பெஞ்சிலிருந்து வேடிக்கை பார்ப்பான்.

கூட யார் விளையாடுகிறார்கள் என்பதும் முக்கியம். முதல் லைனில் இருந்தால் பக்கத்தில் அருமையாக பாஸ் கொடுக்கும் நட்சத்திரம் இருப்பார். கடைசி லைனில் கூட இருப்பவர்களின் வேலையே எதிரணியை மோதித் தடுப்பதுதான். கோல் அடிக்கவே பிறந்தவன் என்று பெயர் வாங்கிய பையனை அங்கே உட்கார வைத்தால், சங்கீதக்காரரை மைக் இல்லாமல் கச்சேரி செய்யச் சொன்ன மாதிரிதான்.

பயிற்சியாளருக்கும் பயம் உண்டு

திறமையான பையன் என்று தெரிந்தும் ஏன் நேரம் கொடுப்பதில்லை? பயிற்சியாளரின் நாற்காலி அப்படி. அணியின் ஜெனரல் மேனேஜர் மூன்று ஆண்டுகள் கழித்து வரப்போகும் அணியைப் பற்றி யோசிக்கலாம். பயிற்சியாளர் இன்று இரவு ஜெயிக்க வேண்டும். தொடர்ந்து தோற்றால், முதலில் வேலை போவது அவருக்குத்தான்.

இளைஞர்கள் தவறு செய்வார்கள். தங்கள் பகுதியில் பக்கைத் தொலைப்பார்கள். யாரைத் தடுக்க வேண்டும் என்பதை மறந்துவிடுவார்கள். அது கோலில் முடிந்தால் அடுத்த ஷிஃப்ட் கிடைக்காது. 8 நிமிடம் மட்டுமே கிடைக்கும் பையன், தவறு செய்யாமல் இருப்பதிலேயே குறியாக இருப்பான். பக் வந்ததும் பாதுகாப்பாகத் தள்ளிவிட்டு பெஞ்சுக்கு ஓடி வருவான். அவனை எதற்காக டிராஃப்டில் எடுத்தார்களோ, அந்தத் துணிச்சல்தான் முதலில் காணாமல்போகும்.

பயிற்சியாளர் நினைத்தால் இளைஞரைப் பாதுகாக்கவும் வழி இருக்கிறது. சொந்த மைதானத்தில் ஆடும் அணிக்கு, ஆட்டம் நின்று தொடங்கும்போது கடைசியாக ஆள் மாற்றும் உரிமை உண்டு. எதிரணி யாரை இறக்குகிறது என்று பார்த்துவிட்டு, பலமான லைனுக்கு எதிராக சீனியரையும், பலவீனமான லைனுக்கு எதிராக இளைஞரையும் அனுப்பலாம். எதிரணியின் கோல் பக்கத்தில் ஆட்டம் தொடங்கும்போது மட்டும் அவரை இறக்கலாம். வளர்த்துவிட நினைக்கும் பயிற்சியாளர்கள் இதையெல்லாம் செய்வார்கள்.

சம்மதம் கேட்பதில்லை

நம்மூர் ரசிகர்களுக்கு டிரேட் புதிதல்ல. ஹர்திக் பாண்டியா குஜராத்திலிருந்து மும்பைக்குப் போனார். சஞ்சு சாம்சன் சென்னைக்கு வர, ஜடேஜா ராஜஸ்தானுக்குப் போனார். ஆனால், ஐ.பி.எல்-லில் வீரரின் சம்மதம் இல்லாமல் டிரேட் நடக்காது.

என்.ஹெச்.எல்-லில் கதை வேறு. 'என்னை டிரேட் செய்யக் கூடாது' என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்க்கும் உரிமை, பொதுவாக 27 வயதை எட்டியவர்களுக்கோ ஏழு சீசன்களை முடித்தவர்களுக்கோதான். 20, 22 வயதுப் பையனுக்கு அந்தக் கவசம் கிடையாது. ஒரு போன் வரும். பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்கு, சில நேரம் வேறு நாட்டுக்கே கிளம்ப வேண்டியதுதான். நண்பர்கள், வீடு, பழகிய பனித்தளம் எல்லாம் ஒரே நாளில் பின்னால் போய்விடும். புதிய உடைமாற்றும் அறையில் யார் பெயரும் சரியாகத் தெரியாது.

அந்தப் போன் அழைப்பே சிலருக்கு வாழ்க்கையின் நல்ல செய்தியாகவும் மாறியிருக்கிறது.

பஃபலோவில் என்ன நடந்தது?

தாம்ப்சன் கதைக்கு வருவோம். உயரம் 6 அடி 6 அங்குலம். அப்பா பிரென்ட் தாம்ப்சனும் என்.ஹெச்.எல். வீரர். 2016 டிராஃப்டில் 26-வது ஆளாக எடுக்கப்பட்டவர். பஃபலோவுக்கு வந்த முதல் சீசன் சரியாகப் போகவில்லை. 2019-20 சீசனில் அவர் விளையாடியது ஒரே ஒரு என்.ஹெச்.எல். போட்டி. அதிலேயே தோளில் காயம்பட்டு, சீசனே முடிந்தது. அடுத்த சீசனில் 38 போட்டிகளில் 8 கோல்.

2021 மார்ச்சில் பஃபலோ தன் பயிற்சியாளரை நீக்கியது. துணைப் பயிற்சியாளராக இருந்த டான் கிரனேட்டோ தற்காலிகப் பொறுப்புக்கு வந்து, பிறகு நிரந்தரமானார். கிரனேட்டோவுக்கு தாம்ப்சன் புதியவர் அல்ல. அமெரிக்காவின் தேசிய இளையோர் பயிற்சித் திட்டத்தில், பதின்பருவத்திலேயே தாம்ப்சனுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர்.

2021-22 சீசனில் அவர் செய்த காரியம் எளிமையானது. ஓரத்தில் 'விங்' ஆக ஆடிக்கொண்டிருந்த தாம்ப்சனை நடுவில் 'சென்டர்' ஆக்கினார். ஓரத்தில் சுவருக்கும் டிஃபென்ஸ் வீரருக்கும் நடுவே மாட்டிக்கொண்ட அந்த நீளமான உடம்புக்கும் கைக்கும் நடுவில் இடம் கிடைத்தது. பக்கை வேகமாகச் சுமந்து வர முடிந்தது. அதோடு முக்கியமான லைனில் நேரமும், பவர் பிளே வாய்ப்பும் சேர்ந்தன. 24 வயதில் ஒரு பையனை இடம் மாற்றி ஆடவைத்து, தவறு செய்தாலும் மறுபடி மறுபடி களத்துக்கு அனுப்புவது எந்தப் பயிற்சியாளருக்கும் ரிஸ்க்தான்.

அந்த சீசனில் 78 போட்டிகளில் 38 கோல். 2022 ஆகஸ்ட்டில் ஏழு ஆண்டுகளுக்கு 5 கோடி டாலர் ஒப்பந்தம். அதற்கடுத்த சீசனில் 47 கோல், 47 அசிஸ்ட்.

கிரனேட்டோ 2024 ஏப்ரலில் நீக்கப்பட்டார். ஆனால், தாம்ப்சனின் ஆட்டம் அவரோடு போகவில்லை. லிண்டி ரஃப் பயிற்சியில் 2024-25 சீசனில் 44 கோல் அடித்தார். 2025 மே மாதம் ஸ்டாக்ஹோமில் நடந்த உலக சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில், சுவிட்சர்லாந்துக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் அமெரிக்காவுக்குத் தங்கம் வாங்கிக்கொடுத்த ஒரே கோலும் அவருடையதுதான். சரியான வயதில் கிடைத்த நம்பிக்கை, கொடுத்தவர் போன பிறகும் மிச்சமிருந்தது.

ஐந்து பயிற்சியாளர்கள், ஒரு பென்னெட்

சாம் பென்னெட் 2014 டிராஃப்டில் நான்காவது ஆளாக கால்கரி ஃப்ளேம்ஸ் அணிக்கு எடுக்கப்பட்டவர். 19 வயதில் ஒரே போட்டியில் 4 கோல் அடித்து அசத்தினார். எதிரணி எது தெரியுமா? ஃப்ளோரிடா பாந்தர்ஸ். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு வளர்ச்சி நின்றுபோனது. கால்கரியில் இருந்த காலத்தில் அவர் பார்த்த தலைமைப் பயிற்சியாளர்கள் ஐந்து பேர். புதிதாக வரும் ஒவ்வொருவரும் அவரை ஒவ்வொரு இடத்தில் வைத்துப் பார்த்தார்கள். சென்டராக எடுக்கப்பட்டவர் பெரும்பாலும் கீழ் லைன்களில், ஓரத்தில் ஆடினார். 2020-21 சீசனில் 38 போட்டிகளில் வெறும் 4 கோல்.

2021 ஏப்ரல் 12-ம் தேதி அவரை ஃப்ளோரிடாவுக்கு டிரேட் செய்தார்கள். அங்கே அவருக்குக் கிடைத்தது இரண்டாவது லைனில் சென்டர் இடம். பக்கத்தில் லீக்கின் சிறந்த பாஸ் வீரர்களில் ஒருவரான ஜொனாதன் ஹூபர்டோ. மீதமிருந்த சீசனில் 10 போட்டிகளில் 6 கோல், 9 அசிஸ்ட். கால்கரியில் 38 போட்டிகளில் எடுத்த பாயின்ட்களைவிட இது அதிகம்!

10 போட்டிகளை வைத்து யாரையும் எடைபோடக் கூடாது என்பது உண்மை. ஆனால், அடுத்த சீசனில் 28 கோல் அடித்தார். 2024, 2025 என அடுத்தடுத்து ஃப்ளோரிடா ஸ்டான்லி கோப்பையை வென்றபோது அணியின் முதுகெலும்பாக இருந்தார். 2025 பிளே-ஆஃபில் 15 கோல் அடித்து, சிறந்த வீரர் விருதையும் தட்டிச் சென்றார். அதே மாதம் எட்டு ஆண்டுகளுக்கு 6.4 கோடி டாலர் ஒப்பந்தம்!

டிரேடே இல்லாமல் நடந்த மாயம்

ஊர் மாறியதுதான் காரணமா, பயிற்சியாளர் மாறியதுதான் காரணமா? இந்தக் கேள்விக்கு மான்ட்ரியல் அணி ஒரு நல்ல பதில் வைத்திருக்கிறது.

2021-22 சீசனில் கோல் காஃபீல்ட் என்ற 20 வயது வீரர் முதல் 30 போட்டிகளில் அடித்தது ஒரே ஒரு கோல். நடுவில் லாவாலில் இருக்கும் துணை அணிக்கும் இறக்கிவிடப்பட்டார். 2022 பிப்ரவரியில் மான்ட்ரியல் தன் பயிற்சியாளர் டொமினிக் டுஷார்மை நீக்கிவிட்டு, மார்ட்டின் செயின்ட் லூயியைக் கொண்டுவந்தது. தொழில்முறை அணி எதற்கும் அதுவரை அவர் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. தன் பிள்ளைகள் ஆடிய சிறுவர் அணிகளுக்குப் பயிற்சியாளராக இருந்தார்.

ஆனால், வீரராக அவர் ஒரு ஜாம்பவான். குள்ளமானவர் என்று எந்த அணியும் டிராஃப்டில் எடுக்காத அவர், லீக்கின் சிறந்த வீரர் விருதையும் ஸ்டான்லி கோப்பையையும் 2004-ல் வென்று காட்டியவர். காஃபீல்டும் உயரம் குறைந்தவர்தான். புதிய பயிற்சியாளரின் கீழ் காஃபீல்ட் 37 போட்டிகளில் 22 கோல் அடித்தார். அதே அணி, அதே ஊர், அதே ஜெர்ஸி. டிரேட் என்ற பெயரில் நடக்கும் பல மாயங்கள், உண்மையில் பயிற்சியாளர் மாற்றத்தின் மாயங்கள்தான்.

ஒரே டிரேட், இரண்டு பையன்கள்

எல்லா டிரேடும் இறங்கிய மறுநாளே பலன் தருவதில்லை. 2016 டிராஃப்டில் இரண்டாவது ஆளாக வந்தவர் பின்லாந்தின் பாட்ரிக் லைனே. மூன்றாவது ஆள் கனடாவின் பியேர்-லூக் டுப்வா. 2021 ஜனவரியில் வின்னிபெக் அணியும் கொலம்பஸ் அணியும் இந்த இருவரையும் மாற்றிக்கொண்டன.

கொலம்பஸில் டுப்வா ஆடிய கடைசிப் போட்டியில் அவருக்குக் கிடைத்த நேரம் 3 நிமிடம் 55 விநாடி. அணியை விட்டுப் போக விரும்பியவருடைய ஆட்டத்தில் உழைப்பு தெரியவில்லை என்று, கறாரான பயிற்சியாளர் ஜான் டோர்டொரெல்லா அவரை பெஞ்சிலேயே உட்கார வைத்துவிட்டார். டுப்வா போய் லைனே வந்தார். வந்த சில நாள்களிலேயே அவரையும் ஒரு போட்டியின் பிற்பகுதியில் பெஞ்சில் உட்கார வைத்தார் டோர்டொரெல்லா.

முதல் சீசன் இருவருக்குமே சுமார்தான். அது கொரோனா காலம். எல்லை தாண்டிக் கனடாவுக்குப் போன டுப்வா 14 நாள் தனிமையில் இருக்க வேண்டியிருந்தது. அந்த சீசனில் கொலம்பஸுக்காக லைனே 45 போட்டிகளில் 10 கோல். வின்னிபெக்குக்காக டுப்வா 41 போட்டிகளில் 8 கோல். இரண்டாவது சீசனில் இருவருமே நிமிர்ந்தார்கள். டோர்டொரெல்லா விலகிய பிறகு லைனே 56 போட்டிகளில் 56 பாயின்ட். டுப்வா 28 கோல்.

டுப்வாவின் கதை அதோடு முடியவில்லை. 2023-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் அணிக்குப் போனார். அங்கே ஏற்கெனவே இரண்டு பெரிய சென்டர்கள் இருந்ததால் மூன்றாவது லைன்தான் கிடைத்தது. போட்டிக்கு 15 முதல் 16 நிமிடம். 82 போட்டிகளில் 40 பாயின்ட். பெரிய சம்பளத்துக்கு இதுவா ஆட்டம் என்று விமர்சனம் குவிந்தது. ஒரே ஆண்டில் வாஷிங்டனுக்கு டிரேட். பயிற்சியாளர் ஸ்பென்சர் கார்பெரி அவரை இரண்டாவது லைன் சென்டராக வைத்து, முக்கியமான எதிரிகளுக்கு எதிராக இறக்கினார். 66 பாயின்ட், அவருடைய வாழ்க்கையிலேயே அதிகம். இடம் காலியாக இல்லாத அணிக்குப் போனால் திறமையும் வரிசையில்தான் நிற்க வேண்டும் என்பதற்கு இந்த இரண்டு சீசன்களே சாட்சி.

கீழே இறக்குவதும் ஒரு வளர்ப்புதான்

நேரம் கொடுப்பது என்றால் உடனே முதல் லைனில் தூக்கி வைப்பது என்று அர்த்தமில்லை. ஃபிலிப் ஃபோர்ஸ்பெர்க் விஷயத்தில் நடந்தது அதற்கு நேர்மாறு.

2012 டிராஃப்டில் வாஷிங்டன் எடுத்த இந்த ஸ்வீடன் இளைஞரை, 2013 ஏப்ரலில் அனுபவ வீரர் மார்ட்டின் எராட்டுக்காக நாஷ்வில் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். நாஷ்வில் அவசரப்படவில்லை. 2013-14 சீசனில் 13 என்.ஹெச்.எல். போட்டிகள்தான். சீசனின் பெரும்பகுதி மில்வாக்கி நகரத் துணை அணியில் கழிந்தது. மேலே 8 நிமிடம் உட்கார்ந்து எழுவதைவிட, கீழே 20 நிமிடம் பவர் பிளேயோடு ஆடுவது 19 வயதுக்கு நல்லது என்ற கணக்கு அது. 2014-15 சீசனில் புதிய பயிற்சியாளர் பீட்டர் லேவியலெட்டின் கீழ் மேலே வந்து 26 கோல் அடித்தார். பின்னாளில் நாஷ்வில் அணியின் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவர் ஆனார். அவரைக் கொடுத்ததை வாஷிங்டன் ரசிகர்கள் இன்னும் மறக்கவில்லை.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. இளம் வீரரைக் குறிப்பிட்ட காலம் வரைதான் இஷ்டத்துக்கு மேலே கீழே அனுப்ப முடியும். அந்தக் காலம் முடிந்த பிறகு கீழே அனுப்ப நினைத்தால், மற்ற அணிகள் அவரை இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். இதற்கு 'வெய்வர்' என்று பெயர். அப்படி 2021 ஜனவரியில் கரோலினா விட்டுவிட்ட குஸ்தாவ் ஃபோர்ஸ்லிங் என்ற டிஃபென்ஸ் வீரரை ஃப்ளோரிடா எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பே இரண்டு முறை டிரேட் ஆனவர் அவர். ஃப்ளோரிடாவில் முதல் ஜோடிக்கு உயர்ந்து, இரண்டு கோப்பைகளை வென்றார்.

40 ஆண்டுகளுக்கு முன்பே...

இது இந்தத் தலைமுறையின் கதை மட்டுமல்ல. 1986 ஜூன் 6. கேம் நீலிக்கு அன்று 21-வது பிறந்த நாள். அன்றுதான் வான்கூவர் அணி அவரை பாஸ்டனுக்கு டிரேட் செய்தது. கூடவே ஒரு முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்பையும் கொடுத்தது. வாங்கிக்கொண்டது பாரி பெடர்சன் என்ற அனுபவ வீரரை.

வான்கூவரில் வலது விங் இடத்துக்கு ஸ்டான் ஸ்மில், டோனி டான்டி என்று இரண்டு சீனியர்கள். அவர்களுக்குப் பின்னால் நின்ற நீலி, கடைசி சீசனில் அடித்தது 14 கோல். பாஸ்டனில் இறங்கிய முதல் சீசனிலேயே 36 கோல். பின்னாளில் மூன்று சீசன்களில் 50 கோல் எல்லையைத் தொட்டு, ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்தார். இன்று பாஸ்டன் அணியின் தலைவரும் அவர்தான்.

நேரம் மட்டும் போதுமா?

இவ்வளவு படித்த பிறகு, எந்தப் பையனையும் டிரேட் செய்து 20 நிமிடம் கொடுத்தால் நட்சத்திரமாகிவிடுவான் என்று தோன்றலாம். அப்படியல்ல.

கோடி ஹாட்ஜ்சன் வான்கூவரின் முதல் சுற்று டிராஃப்ட் வீரர். 2012 பிப்ரவரியில் அவரை பஃபலோவுக்கு டிரேட் செய்தார்கள். பிறகு வான்கூவர் ஜெனரல் மேனேஜர் வெளிப்படையாகவே ஒன்றைச் சொன்னார். ஹாட்ஜ்சனுக்கு கோல் அடிக்க வசதியான நேரங்களாகப் பார்த்துக் கொடுத்து, சந்தையில் அவருடைய மதிப்பை உயர்த்தினார்களாம்! ஐஸ் டைமைக் கொண்டு வீரரை வளர்க்கலாம், விலையையும் ஏற்றலாம்.

பஃபலோவில் ஹாட்ஜ்சனுக்கு நல்ல இடம் கிடைத்தது. 2013-14 சீசனில் 20 கோலும் அடித்தார். அடுத்த சீசனில் 78 போட்டிகளில் 6 கோல் என்று சரிந்தார். 2016-ல் ஆட்டத்தையே விட்டார். காரணம் பயிற்சியாளரும் இல்லை, நிமிடங்களும் இல்லை. தசைகளைப் பாதிக்கும் ஓர் அரிய மரபணுப் பிரச்னை தனக்கு இருந்ததை அவரே பின்னர் சொன்னார். அதுவரை அவருடைய ஆட்டத்தை மட்டும் பார்த்துத் திட்டியவர்கள் எத்தனையோ பேர். 2024-ல் மில்வாக்கி துணை அணியில் மறுபடி களமிறங்கி ஆச்சர்யப்படுத்தினார் என்பது தனிக்கதை.

கர்பி டாக் இன்னொரு உதாரணம். 2019-ல் மூன்றாவது ஆளாக சிகாகோ எடுத்தவர். 2022 ஜூலையில் மான்ட்ரியலுக்கு டிரேட். அங்கே செயின்ட் லூயி அவரை காஃபீல்ட், நிக் சுஸுகியுடன் முதல் லைனில் ஆடவிட்டார். 58 போட்டிகளில் 38 பாயின்ட் என்று நம்பிக்கை தந்தார். அடுத்த சீசனின் இரண்டாவது போட்டியிலேயே முழங்கால் தசைநார் கிழிந்தது. பயிற்சியாளரும் இடமும் சரியாக அமைந்தாலும் உடம்பு ஒத்துழைக்க வேண்டும்.

வயதையும் அதிர்ஷ்டத்தையும் மறந்துவிடக் கூடாது. 18 வயதில் டிராஃப்ட் ஆகும் வீரர் 22, 24 வயதில் இயல்பாகவே பலசாலி ஆகிறார். முதல் அணி பொறுமையிழந்து கொடுத்த நேரமும் அவர் முதிரும் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டால், பேர் இரண்டாவது அணிக்குப் போய்விடும். இந்த லீக்கில் சுமார் பத்து ஷாட்டுக்கு ஒன்றுதான் கோலாகும். சில மாதங்கள் அந்தக் கணக்கு பொய்க்கலாம். பிறகு தானாகவே சரியாகலாம். இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும், பயிற்சியாளரின் பங்கு சின்னதில்லை.

டிரேட் ஆன இளைஞரை எப்படிக் கவனிப்பது?

அடுத்த முறை ஓர் இளம் ஹாக்கி வீரர் அணி மாறினார் என்ற செய்தி கண்ணில்பட்டால், கோல் எண்ணிக்கைக்கு முன்பாக இவற்றைப் பாருங்கள்:

* எத்தனையாவது லைனில் இறக்குகிறார்கள்? அந்த இடத்துக்கு ஏற்கெனவே போட்டி இருக்கிறதா?

* பவர் பிளேயில் இடம் உண்டா?

* பக்கத்தில் ஆடுபவர்கள் பாஸ் கொடுக்கும் ரகமா, மோதும் ரகமா?

* பழகிய இடத்திலேயே ஆடுகிறாரா? சென்டராகவோ விங்காகவோ மாற்றியிருக்கிறார்களா?

* ஒரு தவறு செய்த பிறகு அவருடைய அடுத்த ஷிஃப்ட் எப்போது வருகிறது?

கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியம். பக்கைத் தொலைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி பெஞ்சுக்கு வரும் 20 வயதுப் பையனிடம் பயிற்சியாளர் ஒரு வார்த்தை சொல்லி, இரண்டு நிமிடத்தில் மறுபடி களத்துக்கு அனுப்பினால், அவன் அடுத்த முறையும் துணிந்து ஆடுவான். அப்படி அனுப்ப ஆளில்லாமல் சுமாரான ஆட்டக்காரர் என்ற பெயரோடு வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேரோ! தாம்ப்சனும் பென்னெட்டும் அந்தப் பட்டியலில் சேராமல் தப்பித்தவர்கள்.